மூன்றாவது வாக்கியம்

என் மனைவியோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. முப்பத்தோரு வருடம் சட்டப்பேரவையில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். உறுப்பினர்கள் பேசப் பேச எழுதிக்கொண்டு, மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்து கொடுப்பது வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “எத்தனை தடவை சொன்னேன்” என்று நான் குரலை உயர்த்தினால், “ரெண்டு தடவை. செவ்வாய்க்கிழமை ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு” என்பாள். அப்புறம் என்ன பேச முடியும்?

அவள் போய் ஏழு வாரம் ஆகிறது. இப்போது நான் எதைத் தப்பாகச் சொன்னாலும் அது அப்படியே நின்றுவிடுகிறது.

பேரவையில் பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை. நடுவில் ஒரு சிறிய மேசை. தலை நிமிரக் கூடாது, சிரிக்கக் கூடாது, இருமல் வந்தாலும் விழுங்க வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் எழுந்திருக்கலாம். ஆண்கள் எட்டு வருடம் இப்படி எழுதினால், மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் திருத்துநர் ஆவார்கள். தனி அறை, கதவில் பெயர். பெண்களுக்குக் கடைசி வரை அந்த மேசைதான்.

அவள் சேர்ந்த ஐந்தாம் வருடம் சம ஊதிய மசோதா வந்தது. முன்வரிசையில் இருந்த வயதான உறுப்பினர் ஒருவர் அதை ஆதரித்துப் பேசினார். அந்தப் பேச்சு பிறகு பாடப்புத்தகத்தில் ஏறியது. கல்லூரியில் மொழிப்பாடம் எடுக்கும் நானே வருடா வருடம் அதை நடத்துகிறேன்.

“அவள் பசியும் பசிதான். அவள் களைப்பும் களைப்புதான். அவள் அறிவும் அறிவுதான்.”

கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொல்வேன்: “முதல் ரெண்டும் உடம்பு. கேக்கறவனுக்கு இரக்கம் வரும். இரக்கப்பட்டவன் கொஞ்சம் கொடுத்துட்டு நகர்ந்துடுவான். மூணாவது வாக்கியம் அந்த வழியை அடைக்குது. அறிவுக்கு யாரும் இரக்கப்பட முடியாது; ஒத்துக்கத்தான் முடியும்.” வீட்டில் இதை ஒத்திகை பார்த்தால் அவள் துணி மடித்துக்கொண்டே, “நல்லாத்தான் சொல்றீங்க வாத்தியாரே” என்பாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தொன்பதாம் வருடம் அவளும் வேறு இரண்டு பெண்களும் திருத்துநர் பதவி கேட்டு மனுப் போட்டார்கள். அந்த இருவரில் ஒருத்தியை எல்லாரும் பென்சில் என்பார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். விசாரணைக்கு மூன்று அதிகாரிகள். அதன் தலைவர் நல்ல மனிதர்தான். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினாராம்.

“நாங்க யாரும் பெண்களைக் குறைச்சு நினைக்கலம்மா. ஆனா திருத்துநருக்குத் தீர்மானிக்கத் தெரியணும். நீங்க கேட்டதை எழுதறீங்க. அது கை வேலை. இத்தனை வருஷத்துல ஒரு வரியாவது உங்க அறிவுலேருந்து வந்திருக்கா, சொல்லுங்க.”

“இல்லைங்க ஐயா.”

அவர் கோப்பைக் கட்டிவிட்டார். மூன்று மனுக்களும் தள்ளுபடி.

அன்று மாலை இதையெல்லாம் வரி பிசகாமல் என்னிடம் சொன்னவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த மூணாவது வாக்கியம் அந்த உறுப்பினர் சொன்னதில்லைங்க.”

“எந்த மூணாவது?”

“நீங்க நடத்தற மூணாவது. ரெண்டு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சார். குடிச்சுட்டு வேற எங்கேயோ போயிட்டார். தட்டச்சு பண்ணும்போது என் கை நிக்கலை; மூணாவதும் விழுந்துடுச்சு. மறுநாள் அதை வெட்டிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டார். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் மூணையும் சொன்னார். தானே சொன்னதாத்தான் கடைசி வரைக்கும் நம்பினார்.”

“இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா? அவைக்குறிப்பை மாத்தினவள்னு என்னை அனுப்பிடுவாங்க. அது போகட்டும். பொம்பளை கையில பென்சிலைக் கொடுத்தா இட்டுக்கட்டுவாங்கன்னு மத்த ரெண்டு பேரையும் சேர்த்து விரட்டுவாங்க. அந்த வரியையும் வெட்டிடுவாங்க. எனக்கு அறிவு இருக்குங்கறதுக்கு ஒரே சாட்சி, என் குத்தத்துக்கும் அதுதானே சாட்சி.”

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாளும் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். இன்னும் பன்னிரண்டு வருடம், அதே மேசை. நானும் அதே பாடத்தை நடத்தினேன். யார் எழுதியது என்று தெரிந்தும், புத்தகத்தில் இருந்த பெயரையே சொன்னேன்.

போன வாரம் பென்சில் வந்திருந்தாள். அலுவலக இழுப்பறையில் கிடந்த கண்ணாடிக்கூடு, இரண்டு பேனா, ஒரு சீப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். நான் பீரோவிலிருந்து, மசோதா வந்த வருடத்து என் மனைவியின் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்குச் சுருக்கெழுத்து தெரியாது. அவள் விரலை ஓட்டிப் படித்தாள்.

“பசி... களைப்பு... அப்புறம் மசோதாவோட நாலாவது பிரிவு.” நிமிர்ந்தாள். “மூணாவது இதுல இல்லை சார்.”

“அதான் சாட்சி. எடுத்துட்டுப் போய் அங்க காட்டும்மா. இனிமே அவளை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது.”

அவள் குறிப்பேட்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அடுத்த முறை என்னோடது. பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். ரெண்டுதான் சொன்னார்.”

“விசாரணையில நீயும் சொல்லலையே.”

“அக்கா இல்லைன்னு சொன்னப்புறம் நான் எந்த வாயால சொல்ல? இப்ப அங்க பதினாலு பொண்ணுங்க எழுதறாங்க. இதைக் காட்டினா நாளைக்கு ஒவ்வொருத்தி எழுதினதையும் துருவிப் பார்ப்பாங்க.” எழுந்துகொண்டே, “அக்காவோட அந்த ஒரு வரியும் போயிடும்” என்றாள்.

குறிப்பேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதே இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் அந்தப் பாடம். மூன்று வாக்கியங்களையும் எழுதுவேன். கீழே, சொன்னவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான் எழுதுவேன்.