மனப்பாடமாகத் தெரிந்த கடிதம்

என் கணவர் புவனேந்திரனுக்குக் கண் தெரியாது. அதனால் அவரை ஏமாற்றுவது லேசு என்று பதுளைச் சந்தையில் நினைத்தவர்கள் பலர். எல்லாரும் மூக்குடைபட்டுத்தான் போனார்கள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லும்போது வியாபாரியின் குரல் ஒரு படி ஏறும் என்பார். அலுவலகத்துக்கு லீவு கேட்டுத் தொலைபேசி எடுப்பவருக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்று இரண்டு வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் பொய் சொல்லிவிட்டு மாட்டாமல் தப்பிய ஒரே ஆள் நான். ஒன்பது வருஷம் தப்பினேன்.

அவர் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஆறு வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா வேலாயி, "படிச்சா பொழச்சுக்குவான்" என்று பார்வையற்றோர் பாடசாலை விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வரும்போது ரயில் முழுக்க அழுதாராம். அங்கே பிரெய்லும் இங்கிலீஷும் படித்தவர், பிறகு பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். நான் தயானி, தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இடமாற்ற விஷயமாக அந்த அலுவலகத்துக்கு ஏழு தடவை போன் எடுத்தேன். இடமாற்றம் கிடைக்கவில்லை. அவர் கிடைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. பேப்பர், மருந்துப் போத்தல், கல்யாணக் கார்டு, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். கடிதமென்றால் வாசித்து முடித்ததும் கையை நீட்டி வாங்கி, மூலையில் ஊசியால் புள்ளி குத்தி, தன் ஃபைலில் போட்டுக்கொள்வார். எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும்.

1998 ஜனவரியில் சென்னையிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பார்வையற்றோருக்குக் கணினி பழக்கும் ஒரு வருடப் படிப்புக்கு அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். அவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஜூன் மாதம் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு அப்போது நான்காவது மாதம். அதற்கு முந்திய பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் கிடந்த கிடையில் அவர் குரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன்.

"என்ன சொல்றாங்க?" என்று நாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

அவருக்கு அதற்கு முன் நான்கு இடங்களிலிருந்து மறுப்புக் கடிதம் வந்திருந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கி, வாழ்த்துகிறோம் என்று முடிகிற மூன்று வரி. என் இங்கிலீஷ் சுமார்தான், ஆனால் அந்த மூன்று வரி தூக்கத்திலும் வரும். தாளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

நாடியை இறக்கிக்கொண்டு, "சரி விடு. தேத்தண்ணி ஊத்து" என்றார். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். புள்ளி குத்தினார், ஃபைலில் போட்டார். அடுத்த வாரம், குடும்ப நிலைமை காரணமாக வர முடியாது என்று அவர் பெயரில் நானே சென்னைக்கு எழுதிவிட்டேன். ஜூன் மாதம் எங்கள் மகள் லதுஷா பிறந்தாள்.

நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை ஃபைலைத் திறந்திருக்கிறேன். அவருடைய பொருளை அவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூசியது. பொய் சொல்லக் கூசாதவளுக்குத் திருடக் கூசியது. என் லட்சணம் அப்படி.

2007இல் அவர் கணினி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். பாடசாலையில் கூடப் படித்த நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு சீடி அனுப்பியிருந்தார். அதில் இரண்டு மென்பொருள்கள். ஒன்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். மற்றது, ஸ்கேனரில் ஒரு தாளை வைத்தால் அந்தத் தாளையே வாசிக்கும். தமிழ் வராது, இங்கிலீஷ் மட்டும். தமிழைப் பொறுத்தவரை என் வேலைக்கு ஆபத்தில்லை என்று அவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஃபைலில் இருப்பது முக்கால்வாசி இங்கிலீஷ்.

"கம்ப்யூட்டர் வாங்குங்க. ஸ்கேனர் எதுக்குங்க? நான்தான் இருக்கேனே" என்றேன்.

"நீ பகல் முழுக்க புள்ளைங்ககிட்ட கத்திட்டு வர்ற. தொண்டை கட்டிப்போய் வந்து எனக்கும் வாசிக்கிற. ஆபீஸ் லெட்டரயாவது நானே பாத்துக்கிறேன், புள்ள."



ஒரு சனிக்கிழமை காலையில் பதுளை பஸாரில் ஷுக்ரியின் கடைக்குப் போனோம். துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கடை. ஷுக்ரி நல்ல மனிதர். வாடிக்கையாளருக்குக் கண் தெரியாது என்பது மட்டும் அவருக்கு அடிக்கடி மறந்துபோனது. புதிதாக வந்த பெரிய திரையை ஐந்து நிமிடம் புகழ்ந்தார்.

"அந்தத் திரை இல்லாம தருவீங்களா?" என்றார் இவர்.

"அதெப்படி சேர்? டீச்சர் பாக்க வேணும்தானே."

மேசையில் மூன்று கணினிகள் இருந்தன. இவர் திரையின் பக்கமே போகவில்லை. முதலில் விசைப்பலகையைத் தடவினார். சின்னதாக அழகாக இருந்த மடிக்கணினியை உடனே ஒதுக்கினார். வலப்பக்கம் எண்களுக்கென்று தனியாக விசைகள் வேண்டும், வரி வரியாக ஏறி இறங்கி வாசிக்கச் சொல்வது அங்கேதான் என்று ஷுக்ரிக்கு விளக்கினார். அடுத்ததைப் போடச் சொல்லி, பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே சுற்றும் விசிறி இப்படி இரைந்தால் குரல் கேட்காது என்றார். சீடியைப் போட்டு ஒரு விசையை அழுத்தினார். குரல் வரக் கொஞ்சம் சுணங்கியது. "நான் கேட்டு முடிச்சு, தேத்தண்ணி குடிச்சப்புறம்தான் பதில் சொல்லுது" என்றார். ஷுக்ரி சிரித்துவிட்டார். மூன்றாவது கணினி சத்தமில்லாமல் ஓடியது. விரல் எழும்புமுன் குரல் வந்தது. இவர் முகம் மலர்ந்துபோனது. கல்யாணத்தன்று பார்த்த முகம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ, பட்டேன்.

"இதோட ஸ்கேனரும் சேத்துத்தான் குடுக்கிறேன். ஏதாவது பேப்பர் இருந்தா வச்சுப் பாக்கலாம்" என்றார் ஷுக்ரி.

இவர் பையிலிருந்து ஃபைலை எடுத்தார். வீட்டில் அதை அவர் பையில் வைத்ததை நான் கவனிக்கவில்லை. மூலைகளைத் தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. வெளியே வந்த தாளின் தலையில் நீல எழுத்து. அந்த நீலத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"இது எனக்கு மனப்பாடம்" என்று ஷுக்ரியிடம் சொன்னார். "மூணே வரி. எங்க தப்பு விட்டாலும் உடனே புடிச்சிருவேன்."

ஆமாம், வேறெதை எடுப்பார்? இயந்திரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் நன்றாகத் தெரிந்த கடிதம் வேண்டும். அவர் நெஞ்சில் ஆழமாக இறங்கிய கடிதம் அதுதான். இறக்கியவள் நான்.

"அது வேணாங்க. பழைய தாள், மங்கிப்போச்சு. வேற ஒன்ன குடுங்க."

"மங்குனத வாசிக்குதான்னுதானே பாக்கணும்."

ஷுக்ரி தாளை வாங்கி வைத்து மூடினார். தெருவில் பஸ் சத்தம் அதிகமென்று இவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். அதனால் அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அவர் முகம் மட்டும்தான். மூன்று வரி வாசிக்கப் பத்து வினாடி போதும். பத்து வினாடி போனது. இருபது போனது. சிரித்துக்கொண்டிருந்த வாய் மெதுவாக மூடியது. ஒரு விசையை அழுத்தி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். திரும்பவும் கேட்டார். நான் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி சேர், பிழை ஏதும் விடுதா?" என்று ஷுக்ரி கேட்டார்.

இவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு எழுத்துகூடப் பிழையில்ல. இதையே குடுங்க."

கணினியைத் திங்கட்கிழமை ஆட்டோவில் அனுப்பிவைப்பதாக ஷுக்ரி சொன்னார். படியிறங்கினோம். வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் ஹாலிஎல பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். காற்று முகத்தில் பட வேண்டும் அவருக்கு. பஸ் கிளம்பிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அன்னைக்கு வாசிக்கிறப்ப உன் குரல் ஒடஞ்சிச்சு. எனக்காக வருத்தப்படுறேன்னு நெனச்சேன். அந்த ஒண்ண வச்சுத்தான் நான் அதத் தாங்கிக்கிட்டேன், தயானி."

நான் திட்டை எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பயந்துட்டேங்க" என்றேன். "இந்தப் புள்ளையும் போயிருச்சுன்னா, நீங்களும் பக்கத்துல இல்லன்னா, நான் இருக்க மாட்டேன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பீங்களா?"

யோசித்தார். என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"போயிருப்பேன்" என்றார்.

நான் அழுதேன். முன் சீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. ஒன்பது வருஷமாகச் சுமந்தது இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது என் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறியது, அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்குச் செங்குத்தான பாதை. மழையில் அரித்துப்போன படிகள். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். எவ்வளவு கோபம் இருந்தாலும் அங்கே அவருக்கு என் கை வேண்டும், வேறு வழியில்லை. கடைப் படியிலிருந்து இதுவரை பிடித்துக்கொண்டு வந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கதவைத் திறந்தேன். வீட்டுக்குள் அவருக்கு யாருடைய கையும் தேவையில்லை. செருப்பைக் கழற்றியதும் என்னை விட்டுவிட்டுத் தானாக நடந்து போய் நாற்காலியில் உட்காருவார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். என் முழங்கையை விடவில்லை.