முப்பது வாட் விளக்கு

மலைநகரமான நாரினில் ஆற்றுக்கு மேலே இருக்கும் பள்ளியில் புருல்கன் பௌதிகம் நடத்தினாள். மலைக் கணவாய் வழியாகச் சீன எல்லைக்கு லாரி ஓட்டியவரின் மகள். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தவை உரத்த குரலும் சுர்ரென்று ஏறும் கோபமும்தான். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘பம்ப் ஸ்டவ்’. ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த கணவன் போனில், “இங்க சண்டை போட ஆளே இல்ல, சோறு இறங்க மாட்டேங்குது” என்பான். அதற்கும் ஒரு திட்டு விழும்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பட்ட கோபம் வேறு மாதிரி.

ஒரு சாயங்காலம் இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் மீரிம் ஆட்டுக்கறி சூப்பைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமை இரண்டும் வீங்கி, கன்னம் வெயிலில் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

“கண்ணுல மணல் கிடக்கும்மா. எடும்மா.”

மணல் எதுவும் இல்லை. கையைத் தட்டிவிட்டு அழுதாள். அதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு எதிர்வீட்டு குபாத் வந்தான். சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவன். “டீச்சரக்கா, என் பொண்ணுக்குக் கண்ணத் தொறக்கவே முடியல. உங்க வீட்லயுமா?” இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பு.

புருல்கன் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இன்னைக்கு வகுப்புல புதுசா என்ன இருந்துச்சு?”

“நீல வெளிச்சம்மா. மீன்தொட்டி மாதிரி அழகா இருந்துச்சு. இடி இடிச்சா வருமே, அந்த வாசனை கூட வந்துச்சு.”

அவளுக்கு விளங்கிவிட்டது. தொற்றுநோய்க் காலத்தில் தலைமையாசிரியர் ஷர்ஷென்பெக் எல்லா வகுப்பிலும் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு மாட்டியிருந்தார். ஆளில்லாத அறையில் மட்டும் எரிய வேண்டிய விளக்கு. அதன் சுவிட்சோ சாதாரண விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே, ஒரே பெட்டியில் இருந்தது. “வெளியில, வராந்தாவுல வைங்க சார்” என்று அப்போதே சொன்னாள். “உனக்கு எதுலதான் குத்தம் இல்ல” என்று சிரித்தார்.

அன்று காலை கரண்ட் இல்லை. துப்புரவு வேலை செய்யும் ஜூரா இருட்டில் இரண்டு சுவிட்சையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பாடம் நடக்கும்போது கரண்ட் வந்து இரண்டு விளக்கும் எரிந்தன. புதிதாக வந்த ஆசிரியைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மதியம் வரை பிள்ளைகள் அதன் கீழேயே இருந்தார்கள்.

மறுநாள் ஷர்ஷென்பெக் ஜூராவை வேலையை விட்டு நிறுத்தினார். பிறகு புருல்கனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, சாயங்காலம் பெத்தவங்க வர்றாங்க. நீ சொன்னா கேப்பாங்க. மேடையில ஐநூறு வாட் விளக்கு இருக்கு. அதுக்குக் கீழ நின்னு பிள்ளைங்க ஆடுது, யாருக்கும் கண்ணு போகல. இது வெறும் முப்பது வாட். இது என்ன செஞ்சிடும்? கண்வலி ஊரெல்லாம் சுத்துது, அதுதான்னு சொல்லிடு.”

“சார், என் மக ராத்திரியெல்லாம் தூங்கல.”

“அதனாலதான் நீ சொன்னா நம்புவாங்க.”

அவளுக்குக் காதுமடல் வரை சூடேறியது. வாய் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாததால் பேசாமல் எழுந்து போனாள். ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் கை வலிக்கத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. ஷர்ஷென்பெக் அந்த ஐநூறு வாட் கதையை முதலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடையில் மின்னூட்டம் காட்டும் கருவியை வைத்து, அதன் தலையில் தகட்டைப் பொருத்தினாள். எபொனைட் என்ற கெட்டி ரப்பர் கோலைச் சால்வையில் தேய்த்துத் தகட்டில் தடவினாள். முள் விலகி நின்றது.

“முள்ளை மட்டும் பாருங்க. தகட்டுல இருக்கற மின்சாரத்த வெளிச்சம் அடிச்சுத் தள்ளினாத்தான் இது விழும். சார் சொன்ன ஐநூறு வாட் இதோ.”

மேடை விளக்கைத் தகட்டுக்கு நேராகத் திருப்பினாள். முன்வரிசை கண் கூசிக் கையால் முகத்தை மறைத்தது. முள் அசையவில்லை. அதை அணைத்தாள். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பிலிருந்து கழற்றி வந்த, மூன்று பக்கமும் அட்டை மறைத்த நீல விளக்கைக் கூட்டத்துக்கு முதுகு காட்டி வைத்துப் போட்டாள். முள் மளமளவென்று விழுந்தது.

அவள் விளக்கை அணைத்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“வெளிச்சம் தண்ணி மாதிரி ஊத்துற சாமான் இல்ல. பொட்டலம் பொட்டலமா வருது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எவ்வளவு வலுன்னா, அது எவ்வளவு வேகமா அதிருதோ அவ்வளவு. அதிர்வு ரெண்டு மடங்கானா அடியும் ரெண்டு மடங்கு. பெரிய விளக்கு பொட்டலத்த நிறைய அனுப்பும், அவ்வளவுதான். இந்தச் சின்னதோட பொட்டலந்தான் ரொம்ப வேகமா அதிருது. நாள் பூரா தலையில பனி கொட்டுது, யார் மண்டையாவது உடைஞ்சுதா? அதே தலையில ஒரு கல்லு விழட்டும்!” கோலால் மேசையை அடித்தாள். “இந்த விளக்கு எறிஞ்சது கல்லு சார். கண்ணுக்கே தெரியாத கல்லு. எங்க பிள்ளைங்க கண்ணுல!”

“டீச்சர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு…” என்று ஷர்ஷென்பெக் எழுந்தார்.

“உக்காருங்க அண்ணே!” என்றான் குபாத். “அந்த விளக்கு அவ்வளவு சாதுன்னா, அதுக்குக் கீழ நாற்காலி போடறேன். பிள்ளைங்க இருந்த அவ்வளவு நேரம் உக்காந்துட்டு வாங்க. நாங்க டீ குடிச்சிட்டுக் காத்திருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஷர்ஷென்பெக் உட்காரவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு மேடையின் பக்கவாசல் வழியாகப் போனார்.

அந்த வாரமே சுவிட்சுகள் வராந்தாவுக்கு வந்தன, பூட்டோடு. பிள்ளைகளுக்குக் கண் தெளிந்தது; மீரிமின் கன்னத்தில் மட்டும் கொஞ்ச நாள் தோல் உரிந்தது. ஜூராவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து, “என் தப்புதானே அக்கா” என்று தலைகுனிந்தாள். “இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, உன்னையும் திட்டுவேன்” என்று புருல்கன் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வசந்தத்தில் ஷர்ஷென்பெக்குக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வட்டாரத்தில் இதைவிடப் பெரிய பள்ளிக்கு, அதே தலைமையாசிரியர் பதவி. பாராட்டுக் கூட்டத்தில் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு அவருக்குக் குதிரைச் சாட்டை பரிசளித்தார்கள். புருல்கன் போகவில்லை. வீட்டில் மாவு பிசைந்தாள், பலகை ஆடியது.

கையைக் கழுவாமலே போனை எடுத்து அந்தப் பள்ளியின் பௌதிக ஆசிரியரைக் கூப்பிட்டாள். முன்பின் தெரியாத மனிதர்.

“நீங்க யாருங்க? எதுக்கு இப்படிக் கத்தறீங்க?” என்றார் அவர்.

“கத்தாம? முதல்ல எழுந்து போய் உங்க வகுப்புல நீல விளக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”