கடைசி இடத்துக்குச் சொந்தக்காரர்

வலக்கை எழுந்தால் வரிசை நிற்கும். இடக்கை அசைந்தால் நகரும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வருகிறவர்களை மாதா கோயிலின் நடுப்பாதையில் நின்று ஞாயிறுதோறும் இப்படித்தான் ஒழுங்குபடுத்துகிறார் டிராபிக் ஐயா. முப்பத்திரண்டு வருடம் நாற்சந்தியில் நின்ற கை. ஐயா ஓய்வு பெற்றது அதற்கு இன்னும் தெரியாது.

அவர் கண்ணுக்கு யாரும் தப்ப முடியாது. "வாயில என்ன, மிட்டாயா? துப்பிட்டு வாங்க." "ஆண்டவரை வாங்கப் போறீங்க, சட்டைப் பொத்தானைப் போடுங்க." எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாகத் தாம் போய் நிற்பார். அதுதான் அவருடைய தாழ்மை. நாலு பேர் பார்க்காத தாழ்மையால் என்ன பிரயோசனம்? அதனால் போகுமுன் ஒருமுறை திரும்பிச் சபையைப் பார்த்துக்கொள்வார்.

அதற்கான வெள்ளைச் சட்டை சனிக்கிழமையே இஸ்திரியாகிவிடும். "கடைசி இடத்துக்கு இவ்வளவு அவசரமா கிளம்புற மனுஷனை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்பாள் மனைவி.

அந்த இடத்துக்கும் போட்டி உண்டு. ஒரு தையல்காரர், ஐயா முந்தட்டும் என்று, ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்தபடியே இருந்தார். ஐயா விடுவாரா? "செருப்புப் போட்ட காலுக்கு என்னய்யா லேஸு? நடங்க முன்னாடி!" தையல்காரர் இப்போது மாலைப் பூசைக்குத்தான் வருகிறார்.

போன ஞாயிறு கூட்டம் அதிகம். ஐயா பீடத்தின் முன் போய் நிற்கையில் கிண்ணத்தில் ஒரே ஒரு அப்பம். கையை ஏந்தப் போனவருக்கு முதுகுப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. கோயிலைத் துடைக்கும் அம்மாள் நின்றிருந்தாள். பின்வாசலில் யாரோ வாந்தி எடுத்துவிட, அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஓடி வந்திருக்கிறாள்.

ஐயாவுக்குப் பகீரென்றது. "நீ முன்னாடி போம்மா. நான்தான் கடைசி."

"இருக்கட்டும் ஐயா, நீங்க வாங்குங்க. என் மேல நாத்தம்."

"போன்னு சொல்றேன்ல!"

முந்தாதே என்று அதட்டியே பழகிய வாய், முந்தச் சொல்லி மன்றாடியது.

ஃபாதருக்கு அலுத்துவிட்டது. இருந்த அப்பத்தை இரண்டாகப் பிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். யாராவது வாங்க."

"இதைக் கொஞ்சம் பிடிங்க ஐயா" என்று வாளியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஈரக் கையை உடுப்பில் துடைத்து நீட்டினாள். வாங்கியவள் முதல் பெஞ்சருகே முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஐயா வாளியும் கையுமாக, அப்பத்துக்கு நாக்கை நீட்டினார்.

கடைசி இடம் கிடைத்துவிட்டது, வாளியோடு. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் தமக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வாளியோடு நடுப்பாதையில் நடந்தார். பழக்கதோஷம், சபையைப் பார்த்தார். எல்லோரும் தலைகவிழ்ந்து ஜெபத்தில் இருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

பின்வாசலில் பாதி துடைத்த தரை. பூசை முடிவு ஆசீர்வாதத்துக்கு முன்பே நழுவப் பார்த்த இருவர் அதை மிதிக்க வந்தார்கள். வலக்கை தன்னால் எழுந்து அவர்களை நிறுத்தியது. பிறகு கீழே இறங்கி, வாளிக்குள் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தது.