புனல் வழியே வந்த சொல்

ஆயில் இன்ஜினுக்கு டீசல் ஊற்றும் தகரப் புனல் அது. வாய் அகலம், கழுத்து குட்டை, ஓரத்தில் ஈயப்பற்று. அத்தை அதன் குறுகிய முனையில் வாயை வைத்துக் கத்தினால் பாலக்கோட்டு வாலிபால் மைதானத்தில் நடுவரின் விசில் எடுபடாது. ஆட்டம் முடியும்போது அவள் உதட்டைச் சுற்றி வட்டமாக ஒரு கறுப்பு படிந்திருக்கும். அதைத் துடைக்காமலேதான் டிராக்டர் ஏறுவாள்.

அப்பாவின் தங்கை அவள். மொரப்பூரில் பிறந்து, பாலக்கோட்டில் ஒரு தக்காளி விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டில் பேச்செல்லாம் கன்னடம். எழுபது, எண்பதுகளில் ஆண்டுதோறும் பொங்கல் முடிந்த கையோடு இரண்டு ஊர் அணிகளுக்கும் வாலிபால் நடக்கும். ஓராண்டு அங்கே, மறு ஆண்டு இங்கே. நான் மொரப்பூர் அணியில் பின்வரிசை ஆட்டக்காரன்.

ஆடியவர்கள் நாங்கள்தான், ஆனால் பகை எங்களுடையது அல்ல. ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒரே கடையில் பரோட்டா தின்போம். பகையை ஆண்டு முழுக்க ஆறவிடாமல் சூடாக வைத்திருந்தவர்கள் பார்க்க வந்தவர்களே. எங்கள் ஆட்கள் லாரி பிடித்து வருவார்கள். அவர்கள் டிராக்டர் டிராக்டராக வந்து எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போவது போலிருந்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் 'வுடு' என்போம். எடுக்க வேண்டிய பந்துக்குப் 'புடி'. இதைத் தெரிந்துகொண்டு கூட்டமும் முதுகுக்குப் பின்னால் 'வுடு, வுடு' என்று கத்தி, உள்ளே விழும் பந்தை விட வைக்கும். இரண்டு ஊரும் செய்த வேலைதான் இது. நம் ஊர் செய்தால் சாமர்த்தியம், அடுத்த ஊர் செய்தால் களவாணித்தனம். என் அப்பாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியதைவிட இந்த வழக்கு நடந்ததுதான் அதிகம்.

கல்யாணமான முதல் ஆண்டு அத்தை டிராக்டரில் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். "மொரப்பூர்க்காரி பொறந்த வூட்டுக்குத் துக்கம் காக்குறா" என்று பெண்கள் பேசினார்கள். மறு ஆண்டு இன்ஜின் கொட்டகையிலிருந்து புனலை எடுத்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யாரும் மொரப்பூர்க்காரி என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது புனல்தான் என்று எனக்குத் தோன்றும். அப்பாவும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்தூர்ல இருந்தா என்ன, எங்க வூட்டுத் தொண்டை" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அதற்குப் பல வருடங்கள் கழித்து ஓர் ஆண்டு, ஆட்டம் பாலக்கோட்டில். கடைசி செட். சர்வீஸ் அவர்களுடையது, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டமும் அவர்களுடையது. பந்து உயரமாக என்னைத் தாண்டிப் போயிற்று. விட்டால் வெளியே விழும், சர்வீஸ் எங்களுக்கு மாறும். தொட்டால் தீர்ந்தது. கைகளைக் கீழே போடப் போன நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து புனல் கத்தியது: "புடிரா!"

வேறு யார் கத்தியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். கை தானாக எழுந்தது. விரலில் பட்டுப் பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

பாலக்கோட்டுக்காரர்கள் அத்தையைத் தூக்காத குறைதான். அண்ணன் மகனையே ஏமாற்றி ஊரை ஜெயிக்க வைத்தவள் என்று மாலை போட்டார்கள். எங்கள் லாரி மொரப்பூர் வந்ததும் அப்பா சொன்னார்: "எனக்குத் தங்கச்சி இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

ஒரு பந்துக்கு இவ்வளவா என்று இப்போது கேட்கலாம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் "உன் தங்கச்சி செஞ்ச வேலையப் பாத்தியா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் கோபம் ஆறாது. அவர்கள் ஆறவும் விடவில்லை.

மறு வருடம் அத்தை மகள் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு செய்வது எப்படி? அத்தையே நேரில் அழைக்க வந்தாள். கடையில் வழக்கமான கூட்டம். அப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"அண்ணா, நீ வந்து நின்னாப் போதும். சீருகூட வேணாங்கண்ணா" என்றாள்.

"அன்னிக்கு என்ன சொல்லிக் கத்தின? இவங்க முன்னால சொல்லு."

அத்தை கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுக்காக நான் வருத்தப்பட்டேன். அவள் மேல் எனக்கும் கோபம் இருந்தது. சீர்த்தட்டை அம்மாவும் நானும்தான் கொண்டுபோனோம். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். அத்தை எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். அந்தப் புனலை மட்டும் பிறகு எந்த ஆட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. மயானம் வரைக்கும் அவருக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் பாலக்கோடு போயிருந்தபோது அத்தை வீட்டில் இன்ஜின் கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய இரும்புக் குவியலில் புனல் கிடந்தது. எடுத்துத் துடைத்து அவள் மடியில் வைத்தேன்.

அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கல்யாணமான புதுசுல பால் குண்டானப் புடிச்சிட்டு நின்னேன். மாமியா 'பிடு பிடு'ன்னாங்க. நான் இன்னும் இறுக்கிப் புடிச்சேன். அவுங்க பேச்சுல பிடுன்னா வுடுன்னு அர்த்தம் கண்ணு. அப்பறம் அதே பேச்சு எனக்கும் ஒட்டிக்கிச்சு."

மைதானத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்போ அன்னிக்கு?"

"பிடுரான்னுதான் கத்துனேன். உனக்குப் புடிரான்னு கேட்டிருக்கு. நீ தோக்கறதப் பாக்க முடியல. பதட்டத்துல இந்த வூட்டுப் பேச்சு வந்துருச்சு."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

"கடையில அத்தன பேரு. நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள இந்தூருக்குச் சேதி வந்திருக்கும். இவ ஊரக் காட்டிக்குடுத்தவன்னு சொல்லிட்டா, எம் பொண்ணு சடங்குக்கு இங்கயும் ஒருத்தர் வந்திருக்க மாட்டாங்க."

பொக்கை வாயில் புனலை வைத்துக்கொண்டாள். கத்துவதற்கு இப்போது மூச்சு இல்லை. பேசுகிற குரலில்தான் வந்தது, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"வுடுறா, கண்ணு."