கருப்பண்ணன் கை படாத தோல்பந்து

எங்கள் தொழிலில் கத்தியைத் தீட்டுவது சுலபம், காதைப் பொத்திக்கொள்வதுதான் கடினம். நுரை பூசிய வாயோடு வழக்குப் பேசும் ஆளிடம் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கூட்டாளிதான்.

மலாயாவில் மந்தினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடல் மரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைக்கொரு தீர்ப்பு. கிரிக்கெட்டில் பந்து போடுவதில் தோட்டம் கண்ட பெரிய ஆள் யார்? அந்தக் காலத்துக் கருப்பண்ணனா, இந்தக் காலத்து ஆரோக்கியமா? இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள்.

காது தப்பியது

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாருக்கு ஆரோக்கியம்தான் உசத்தி. தோட்டத்து ஆட்டத்தை நடத்துகிறவர் அவர். ஆரோக்கியம் போடும் தோல்பந்தை ஆபீஸ் அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். "அந்தக் காலத்தில் ஸ்டம்புக்குப் பதில் மண்ணெண்ணெய்த் தகரத்தை நட்டு ஆடினார்கள். அதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று வேகமாகத் தலையைத் திருப்பினார். கத்தியைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. முறைக்குக் காத்திருந்த மண்டோர், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவர், கருப்பண்ணன் கட்சி. அவர் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, அந்தத் தகரத்துக்கு முன்னால ஒருநாளு நின்னிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க லா."

துள்ளும் பந்து

கருப்பண்ணன் காலத்தில் கூலிக்காரன் கைக்குத் தோல்பந்து வராது. மரத்தின் வெட்டில் காய்ந்த பாலை உருவி, இறுகச் சுற்றிப் பந்தாக்குவார்கள். அது எங்கே குத்தி எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. அதையே சொன்ன இடத்தில் விழவைத்தவர் கருப்பண்ணன் என்பது மண்டோர் வாதம். பந்தே துள்ளினால் போட்டவனுக்கு என்ன பெருமை என்பது கிராணியார் வாதம்.

ஒரு ஞாயிறு ஆரோக்கியமே அப்படி ஒரு பந்தைச் செய்துகொண்டு வந்து போட்டுப் பார்த்தான். முதலில் என் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. அடுத்தது கூலிகள் குடியிருக்கும் லயத்துக் கூரைமேல் ஏறியது. அவன் என்னிடம் வந்து சொன்னான்: "அண்ணே, இதை அடக்கின கைக்கு முன்னால என் பேரை எடுக்காதீங்க."

கேட்டது ஒன்று

இந்த வழக்கில் கருப்பண்ணன் வாயே திறக்கமாட்டார். பிறகு காய்ச்சலில் அவர் உடம்பு கரைந்துபோனது. நானே லயத்துக்குப் போய்ச் சவரம் செய்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தோல்பந்தை ஒரே ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த ஆரோக்கியம் கிராணியாரிடம் ஓடினான். அவன் கொண்டுவந்த பதில் இதுதான்: "ஆட்டத்தன்னைக்குத்தான் பந்து வெளியே வரும். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு."

கடைசிச் சவரம்

அதுவரைக்கும் உயிர் பொறுக்கவில்லை. எங்கள் வழக்கப்படி இறந்தவருக்கும் நான்தான் முகம் மழிக்கவேண்டும். அந்த முகம் அசையவே இல்லை. அழுதுகொண்டேதான் மழித்தேன்.

கிராணியார் வந்தார். யாரும் கேட்காமலே கோட்டுப் பையிலிருந்து பந்தை எடுத்துக் கருப்பண்ணன் கையில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை, பந்து பாயில் உருண்டது. ஆரோக்கியம் அதை எடுத்துத் துண்டால் துடைத்துக் கிராணியாரிடமே நீட்டினான்: "உள்ள பூட்டி வைங்க ஐயா. ஆட்டத்தன்னைக்குத்தானே வெளியே வரணும்."

இருவர் கையிலும் அதே தோல்பந்தைக் கொடுத்துப் பார்க்க மனம் வராத எங்கள் தோட்டத்தில், யார் பெரியவர் என்ற வழக்கு மட்டும் இன்றுவரை ஓயவில்லை.