கடுக்காய்க் களத்தில் இருந்த முதலாளி

எழுபதுகளின் நடுவில் தோல் ஏற்றுமதி படுத்துவிட்டது. வாணியம்பாடிப் பக்கம் யார் திவாலாகி மஞ்சக் கடுதாசி கொடுத்தார் என்ற பேச்சுதான் டீக்கடையெல்லாம். திவாலானவர்களின் சொத்தைக் கோர்ட் சார்பில் பொறுப்பேற்கும் ரிசீவர் அலுவலகத்தில் நான் கணக்கர். தோல் ஷாப் என்று அங்கே சொல்லும், பூட்டிக் கிடந்த பதனிடும் பட்டறைகளுக்குள் போய், காய்ந்த ஊறல் தொட்டிகளைக்கூட விடாமல் எழுதி வருவது என் வேலை.

அப்படி ஒரு ஷாப்பின் முதலாளியை, எல்லோரும் பாய் என்று கூப்பிடுபவரை, காணவில்லை. கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனது தெரிந்ததும் வீட்டை விட்டுப் போனவர். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டார்: "கெணறு, ஏரி எல்லாம் தேடிட்டோம் சார். உங்களுக்கு எதுனா தகவல் வந்துச்சா?"

இல்லை என்று தலையசைத்தேன். சில வாரங்களுக்கு முன்புதான் வேறொரு முதலாளியை ரயில் பாதையிலிருந்து பிணமாக எடுத்திருந்தார்கள்.

தோல் பதனிடக் கடுக்காய் சேர்த்து வைக்க அவருக்கு ஜவ்வாது மலையில் ஒரு கொட்டகை இருந்தது. அதைப் பூட்டிச் சீல் வைக்கப் போளூரில் பஸ் ஏறினேன்.

கொட்டகை திறந்தே கிடந்தது. வாசல் களத்தில் காய்ந்த கடுக்காயை ஒரு மலைக்காரப் பெண்மணியோடு சேர்ந்து ஒருவர் காலால் துழாவிக்கொண்டிருந்தார். தாடி மண்டியிருந்தாலும் ஃபைலில் இருந்த போட்டோவில் பார்த்த அவர்தான். என் கையில் பூட்டையும் கோர்ட் சீலையும் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்மணி குறுக்கே வந்து நின்றாள். "இன்னா சார், பாயைப் புடிச்சிக்கினு போவ வந்தீங்களா? சாவறேன்னு வந்தவர ஒக்காத்தி வச்சி சாமைச் சோறு போட்டிருக்கேன். எங்களுக்குந்தான் பாக்கி வச்சிருக்காரு. அதுக்காவ ஆளை வுட்டுற முடியுமா?"

"என்னை உள்ள போட்டுருவாங்களா சார்?" என்றார் அவர்.

"நேரா வந்து நின்னு, கைது பண்ணக் கூடாதுன்னு பாதுகாப்பு கேளுங்க பாய், கோர்ட்டு குடுக்கும். போறது சொத்துதான். வூட்ல நீங்க உயிரோட இருந்தா போதும்னு இருக்காங்க."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் கொட்டகையைப் பூட்டிச் சீல் வைத்த பிறகு என்னோடு பஸ் ஏறினார். இறக்கம் முழுதும் என் தோளில் சாய்ந்து தூங்கினார். தோள் மரத்துப் போயும் நான் அசையவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் மூச்சு சீராக வந்தது.

கோர்ட் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ஷாப் ஏலத்தில் போயிற்று. ஒரு வருடம் கழித்துச் செங்கம் சந்தையில் அவரைப் பார்த்தேன். மனைவி வழி உறவினர் ஒருவரின் புளிக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார், டீ சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். நன்றாகச் சதை போட்டிருந்தார்.