இடிந்ததா, இடிக்கப்பட்டதா

என் மனைவிக்கு நான் வைத்த பெயர் நாட்டாமை. பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறாள். சாயங்காலம் வந்ததும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியம் அது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார், சண்டை முற்றியதும் இவள் நடுவில் போய் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பாள். கண்ணால் பார்த்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் ஏராளம். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட முகம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதில்லை. எனக்கு அதில் பாதி பெருமை, பாதி எரிச்சல்.

போன மாதம் வந்த வழக்கு எங்கள் ஊர் ஆற்று நடைபாலம். முப்பது வருடத்துக்கு முன்பே இல்லாமல் போன பாலம். "இடிந்தது" என்று ஒருவர் எழுத, கரைக்காவலன் என்ற புனைபெயரில் இன்னொருவர் "இடிக்கப்பட்டது" என்று மாற்ற, ஒரே வாரத்தில் நாற்பது முறை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு அக்கப்போரா என்று சிரித்தேன்.

"தானா இடிஞ்சுதுன்னா கட்டினவங்க மேல பழி. இடிச்சாங்கன்னா யார் மேலயும் இல்ல," என்றாள்.

கரைக்காவலனின் வாதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தூண் என்று வரும் இடமெல்லாம் தூன். மூன்று சுழி ண என்றாலே ஆகாத ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அடுத்த அறையில் கைபேசியும் கையுமாக இருந்த என் மாமனார். அந்தப் பாலத்து வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர்.

"அப்பா, கரைக்காவலன் நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. "அதிகாரம் உன் கையிலதானே இருக்கு. என் வரிய வச்சு, வேற யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடும்மா. இந்த வயசுல எனக்கு மிச்சம் இருக்கறது பேரு ஒண்ணுதான்."

"உங்களுக்காகப் பூட்டினா அப்புறம் நான் அங்க உட்காரவே கூடாதுப்பா."

அப்போதே எழுதினாள்: 'இவ்வழக்கில் எனக்கு உறவு உண்டு. விலகுகிறேன். வேறு நடுவர் பார்க்கவும்.' மாமனார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சமாதானம் பண்ணப்போய் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஒரு சொல்லுதானே, விட்டுக்கொடேன்."

"ஒரு சொல்லுதாங்க. அதனாலதான் விட முடியல."

மூன்றாம் நாள் மாமனார் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கட்டுரையில் அவரே எழுதியிருந்தார்: 'பாலம் தானாகத்தான் இடிந்தது. கம்பியைக் குறைத்துப் போட்டோம். மேற்பார்வையாளன் நான். மிச்சத்தை மறுநாள் இடித்தார்கள்.'

"நீ எழுந்துட்ட. நான் மட்டும் உட்கார்ந்துட்டு இருந்தா நல்லாவா இருக்கு," என்றார். அவள் அழுதுவிட்டாள்.

பத்தே நிமிடம். புது நடுவர் அதை அழித்துவிட்டார். 'ஆதாரம் இல்லை. நேரில் கண்டதாகச் சொல்வது ஏற்கப்படாது.'

"உண்மையச் சொன்னாலும் அழிக்கறாங்களே, மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

விட்டது தொல்லை என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ சட்டையை எடுத்து மாட்டினார்.

"அந்த வருஷத்துப் பேப்பரெல்லாம் நூலகத்துல இருக்குமா?"

"தேடணும்ப்பா," என்றாள்.

தேடினோம். மூன்று மணி நேரம், தும்மித் தும்மி. நான்காவது கட்டைப் பிரித்ததும் அவர்தான் கண்டுபிடித்தார். பாலம் தானாக இடிந்து விழுந்ததாக எட்டு வரிச் செய்தி. கடைசி வரியில் மேற்பார்வையாளர் என்று அவர் பெயர் அச்சாகியிருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இந்தா ஆதாரம். போட்டுடு."

"நான்தான் விலகிட்டேனேப்பா. நீங்களே எழுதுங்க."

நின்றபடியே கைபேசியை எடுத்தார். செய்தித்தாளின் தேதியையும் பக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்துப் போட்டுவிட்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினார்: இடிந்தது.